ரோஜர் கேஸ்மென்ட்: காங்கோவில் கண்ட அயர்லாந்து

பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் காங்கோவில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. சிப்பாய்கள் தாங்கள் சுட்ட தோட்டாக்களுக்கு ஈடாக, வெட்டிய வலது கைகளைக் கணக்குக் காட்ட வேண்டும். ரப்பர் கொண்டுவந்து கொட்டாத ஊர்களுக்கு இதுதான் கதி. 1903-ல் இதை விசாரிக்கப் போனவர் ரோஜர் கேஸ்மென்ட். டப்ளினை அடுத்த சாண்டிகோவில் 1864-ல் பிறந்தவர். அப்போது பிரிட்டிஷ் தூதரக அதிகாரி.

அரசாங்கப் படகில் ஏறினால் அரசாங்கம் காட்டுவதைத்தான் பார்க்க முடியும். அதனால் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளிடம் சின்ன நீராவிப் படகொன்றை வாடகைக்குப் பேசிக்கொண்டு ஆற்றில் ஏறிப் போனார். இளவயதிலேயே வந்து பழகிய ஆறு. 1887-ல் 5,000 பேர் வாழ்ந்த லுகோலேலாவில் இப்போது 600 பேர்கூட இல்லை. எபோண்டோ என்ற பையனுக்கு ஒரு கை இல்லை. காட்டுப்பன்றி கடித்துவிட்டது என்று அதிகாரிகள் பிற்பாடு சாதித்தார்கள்.

1904-ல் அறிக்கை வெளியானது. பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டிருந்தது வெளியுறவுத் துறை. கேஸ்மென்ட் கொதித்துப்போனார். சாட்சி சொன்னவர்களின் பெயரை அழித்தால் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு? ஆனாலும் அந்த அறிக்கை வேலை செய்தது. 1908-ல் லியோபோல்ட் காங்கோவைக் கைவிட நேர்ந்தது.

கேஸ்மென்டின் வாழ்க்கை திரும்பிய இடம் காங்கோதான் என்று நான் நினைக்கிறேன். லியோபோல்டைக் கண்ட அதே காட்டில்தான், தான் ஓர் அயர்லாந்துக்காரன் என்பதையும் கண்டுகொண்டதாக வரலாற்றாசிரியர் ஆலிஸ் ஸ்டாப்ஃபோர்ட் கிரீனுக்கு அவர் கடிதம் எழுதினார். நிலத்தைப் பறிகொடுத்த மக்களை அவரால் வெளியாளாக நின்று பார்க்க முடியவில்லை. 1910-ல் அமேசானின் புட்டுமாயோவில் பழங்குடியினர் சவுக்கடிபட்டு ரப்பர் சேகரித்ததை விசாரித்தபோது, அவர்களை வேலை வாங்கிய நிறுவனம் பதிவாகியிருந்ததே லண்டனில்தான்! அந்தப் பணிக்காக 1911-ல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள்.

ஐந்தே ஆண்டுகளில் அதே அரசு அவரைத் தூக்கிலிட்டது. அயர்லாந்து விடுதலைக்கு ஜெர்மனியின் உதவி தேடிப் போனவர், கிடைத்த உதவி போதாது, அயர்லாந்தில் வெடிக்கவிருந்த கிளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு நீர்மூழ்கிக் கப்பலில் திரும்பினார். 1916 ஏப்ரல் 21 அன்று கெர்ரி கடற்கரையில் இறங்கிய சில மணி நேரத்தில் பிடிபட்டார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது கருணை மனுவுக்கு ஆதரவு திரட்டியவர்களில் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலும் ஒருவர். அந்த ஆதரவைக் குலைக்க, கேஸ்மென்டின் நாட்குறிப்புகள் என்று சொல்லி, ஆண்களுடனான உறவுகளைப் பேசும் பக்கங்களைப் பிரதியெடுத்துப் பத்திரிகையாளர்களிடமும் பிரமுகர்களிடமும் காட்டினார்கள். ஒருவரைக் கொல்வதற்கு முன்பே அவருக்காகப் பேசுகிறவர்களின் வாயை அடைக்கும் இந்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆகஸ்ட் 3 அன்று பென்டன்வில் சிறையில் தண்டனை நிறைவேறியது.

ஆன்ட்ரிமின் மர்லோ விரிகுடாவில் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1965-ல் எலும்புகளைத் திருப்பிக் கொடுத்த பிரிட்டன், வட அயர்லாந்தில் மட்டும் புதைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. ஆன்ட்ரிம் இருப்பது வட அயர்லாந்தில். கேஸ்மென்ட் டப்ளினின் கிளாஸ்நெவின் கல்லறையில் இருக்கிறார்.