கணினிக் கடிகாரத்துக்கு 2038-ல் ஒரு கண்டம்

இன்று ஒருவர் 20 ஆண்டு வீட்டுக்கடன் வாங்கினால், தவணை 2038-ஐத் தாண்டி ஓடும். கணக்கு போடும் கணினி பழைய ரகமானால், கடைசித் தவணைக்கு நூறு ஆண்டுக்கும் முந்தைய ஒரு தேதியைக் காட்டக்கூடும்.

என்ன சிக்கல்?

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள், 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை எண்ணியே நேரம் சொல்கின்றன. பழைய கருவிகளில் இந்த எண்ணுக்கு 32 பிட் இடம்தான். அதில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதியில் 214,74,83,647 வரைதான் எண்ணலாம். இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அது நிரம்பும். அடுத்த வினாடியே எண் கழித்தல் பக்கம் புரண்டு, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

இடத்தைப் பெரிதாக்கினால் போதாதா?

போதாது. பழைய செயலி நேரத்துக்கென 4 பைட் (32 பிட்) இடத்தைத்தான் ஒதுக்கித் தரும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் அங்கே 8 பைட் (64 பிட்) எழுதினால் பக்கத்துத் தகவல் அழியும். அதனால் யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில், செயலிகள் கெர்னலிடம் நேரம் கேட்கும் பழைய அழைப்புகளில் கைவைக்காமல், 64 பிட் நேரத்துக்குப் புதிய அழைப்புகளைத் தனியே சேர்த்தார்கள். ஆர்ன்ட் பெர்க்மன் முன்னின்று செய்த பணி இது. புதிய அழைப்புகள் 2019-ல் 5.1 பதிப்பில் வந்தன. 2020 மார்ச்சில் வெளியான 5.6, 32 பிட் கருவிகளிலும் 2038-ஐத் தாண்டும்.

கெர்னலுக்குள் ‘ஜிஃபீஸ்’ என்ற இன்னொரு நேர எண்ணியும் உண்டு. வினாடிக்கு 1,000 முறை கூடினால், 32 பிட்டில் அது 49.7 நாளில் நிரம்பிவிடும். அதுவரை பிழை ஒளிந்திருக்கக் கூடாதென்று, கணினி கிளம்பிய 5 நிமிடத்திலேயே நிரம்பும்படி அதன் தொடக்க எண்ணை வைத்திருக்கிறார்கள். தவறான நிரல் சோதனை மேசையிலேயே அகப்பட்டுவிடும்.

நமக்கு என்ன?

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் ஆர்ம் கருவிகளுக்கும் 64 பிட் நேரத்தைக் கொடுத்துவிட்டது. பழைய 32 பிட் இன்டெல் ரகத்துக்கு மட்டும், பழைய செயலிகள் ஓட வேண்டுமென்று மாற்றவில்லை.

64 பிட் போனும் மடிக்கணினியும் வைத்திருப்பவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவரில் மாட்டியதோடு மறந்துபோன 32 பிட் சிசிடிவி ரெக்கார்டர், வருகைப்பதிவுக் கருவி போன்றவைதான் உறுத்தல். கெர்னல் சரியானாலும், அப்டேட் வராத பெட்டிக்கு அது போய்ச் சேராது. புதிதாக வாங்கும்போது விலையோடு சேர்த்து, எத்தனை ஆண்டு அப்டேட் தருவார்கள் என்றும் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.