மஞ்சள் விளக்கு கேட்பது டேட்டா அல்ல!

வேங்கிக்காலில், ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருவோரையும் ஏமாற்றத்தோடு திரும்புவோரையும் ஏற்றி இறக்கும் வாடகைக் கார் ஓட்டுநர் தோழர் ஒருவர், சென்ற வாரம் நம்மிடம் வந்தார். காரின் முகப்பில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. பட்டறையில், "ஸ்கேனர் போட்டுப் பார்க்கணும்" என்று சொல்லி, பார்ப்பதற்கே ஒரு தொகை கேட்டார்களாம். தோழர் ரோஷக்காரர். சில நூறு ரூபாய் கொடுத்து, காரில் செருகிச் செல்பேசியோடு இணைக்கும் சிறு கருவி ஒன்றைத் தாமே வாங்கிவிட்டார். வாங்கிய பிறகு வந்தது வேறு கவலை. செல்பேசிக் கடையில், "இது நெட்டை ரொம்ப இழுக்கும், ஒரு நாளைக்கு 2 ஜி.பி. பேக் போட்டால்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, இதுக்கு எவ்வளவு நெட் வேணும்ண்ணே?" என்று கேட்டார்.

கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரவில்லை, சினம்தான் வந்தது. ஏன் என்று சொல்லுகிறோம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே, 16 துளைகள் கொண்ட செருகுவாய் ஒன்று இருக்கிறது. ஓ.பி.டி. என்பது அதன் பெயர். புகையைக் கட்டுப்படுத்த எண்ணிய அமெரிக்க நாடு 1996 முதல் ஒவ்வொரு புதுக் காரிலும் அது இருந்தே தீரவேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில், பி.எஸ்.4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி. 2 கட்டாயமாயிற்று, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு அது இல்லாத புதுக் கார் கிடையாது. காரின் மூளையான இ.சி.எம்., தனக்குற்ற நோயைக் குறியீடாக எழுதி வைத்துக்கொள்கிறது. பி என்று தொடங்கினால் என்ஜினும் கியரும், சி என்றால் பிரேக்கும் அடிச்சட்டமும், பி.0300 என்றால் என்ஜினில் அங்கங்கே மிஸ்பயர். இப்படி!

தோழர் வாங்கிய கருவி அந்தக் குறியீட்டை எடுத்துச் செல்பேசிக்குச் சொல்கிறது. எதன் வழியே? புளூடூத் வழியே! காருக்குள்ளேயே, கைக்கெட்டும் தொலைவிலேயே நடக்கும் பேச்சு அது. எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவருக்குத் தந்தி எதற்கு? டவர் எதற்கு? கார்த்திகை தீபத்தன்று இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சூழ்ந்து நிற்க, செல்பேசிகள் திணறிப் பேச்சே போகாத நிலை வருகிறதே, அந்த நெரிசலுக்கு நடுவிலும் இந்தக் கருவி தன் வேலையைச் செய்யும்.

எவ்வளவு தகவல்தான் போகிறது என்று கணக்கும் போட்டுப் பார்ப்போம். வினாடிக்குப் பத்து விடை, விடைக்கு இருபது எழுத்து என்று தாராளமாகவே வைத்தாலும், மணிக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம் எழுத்து, ஒரு எம்.பி. கூட ஆகவில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி, அத்தனையையும் நெட் வழியே அனுப்பித் தொலைத்தாலும், அந்த 2 ஜி.பி. தீர ஏறத்தாழ ஓராண்டு ஆகும்! ஒரே நாளுக்கு வாங்கு என்கிறார்கள் அதை!

நெட் அறவே வேண்டாமா? வேண்டும், சிறிது. செயலியை இறக்க ஒருமுறை. குறியீட்டின் பொருள் தேட அவ்வப்போது. வரைபடத்தைத் திறந்து வைத்தாலும், ஓடிய விவரத்தை வெளிநாட்டுச் சர்வரில் சேமித்தாலும் கொஞ்சம் செலவாகும். உண்மையில் டேட்டாவை விழுங்குவது, பழுது பார்ப்பது எப்படி என்று காட்டும் வீடியோக்கள்தாம்; அதைப் பட்டறை வைபையில் பார்க்கட்டும். சில கருவிகளுக்குப் புளூடூத் கிடையாது, வைபை உண்டு. அந்த வைபையில் இணையம் இல்லை என்று கண்டு செல்பேசி தானாகவே அதைக் கைவிட்டுவிடும். அப்போது மொபைல் டேட்டாவை அணைத்து வைத்தால்தான் வேலை நடக்கும்! டேட்டா வேண்டும் என்று வாங்கியவர், அதை அணைத்தால்தான் கருவி பேசும் என்றால், இந்த வேடிக்கையை எங்கே போய்ச் சொல்வது?

சினம் ஏன் என்றோமே, அதற்கு வருவோம். காரின் உள்ளே இருக்கும் செய்தி காரை வாங்கியவனுக்குச் சொந்தமா, விற்றவனுக்குச் சொந்தமா? இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் இந்த வழக்கு நடந்தது. உதிரி பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தம் சொந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தன என்று, 2014 ஆகஸ்ட் 25 ஆம் நாள், 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது ஆணையம். கருவிகளும் பாகங்களும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வழி செய்க என்றும் ஆணையிட்டது. கோடீஸ்வரர்கள் மேல்முறையீட்டுக்கு ஓடினார்கள்; ஓடத்தானே செய்வார்கள்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கார் காற்றுவழி அனுப்பும் தகவலும் உரியவனுக்குத் திறக்கப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் மக்களிடம் கேட்டார்கள். நான்கில் மூன்று பங்கினர் ஆம் என்றனர்.

நம் தோழர் கையில் இருக்கும் மலிவுக் கருவி, அந்தப் பூட்டில் திறந்து கிடக்கும் ஒரு சிறு சந்து. புகை தொடர்பான பொதுக் குறியீடுகளைப் படிக்கும், ஏர்பேக், ஏ.பி.எஸ். பழுதுகளுக்குப் பெரும்பாலும் உதவாது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். குறியீட்டை அழித்தால் நோய் தீராது, விளக்குத்தான் அணையும். அழித்துவிட்டு வண்டியை விற்கும் ஆசாமிகளும் ஊரில் உண்டு.

ரீசார்ஜ் கதையோ தனி. அரிசி வாங்கப் போனவனிடம் ஆட்டுக்கல்லையும் சேர்த்து வாங்கு என்றால் பொறுப்போமா? பேச மட்டும் வேண்டுவோரும் டேட்டாவுக்குக் காசு கட்டவேண்டியிருந்தது. 2024 ஜூலையில் பெரிய நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. அவ்வாண்டு டிசம்பரில்தான், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் தந்தாக வேண்டும் என்று டிராய் விதி செய்தது. அப்படி ஒரு திட்டம் உண்டா என்று கடைக்காரரைக் கேளுங்கள், தோழர்களே. கேட்காதவருக்கு அவர் காட்டமாட்டார்.

அன்று மாலை, ஏரிக்கரை ஓரம் வண்டியை நிறுத்தி, தோழரும் நாமுமாகக் கருவியைச் செருகினோம். பி.0113 என்று வந்தது. என்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் இணைப்பில் கோளாறு என்று பொருள். பானெட்டைத் திறந்தால், ஏர் பில்டர் மாற்றிய எவரோ சாக்கெட்டை அரைகுறையாகச் செருகி விட்டிருந்தார்கள். அழுத்தினார், 'கிளிக்' என்றது. குறியீட்டை அழித்து, ஆட்சியர் அலுவலகம் வரை ஓட்டிப் பார்த்தோம். விளக்கு வரவில்லை. செல்பேசியை எடுத்துக் கணக்குப் பார்த்தார் தோழர். குறியீட்டின் பொருள் தேடிய வகையில் செலவான டேட்டா, 2 எம்.பி.க்கும் குறைவு.