எடையைக் கூட்டாமல் இரைச்சலைக் குறைக்கலாம்

1983 டிசம்பர் 14. முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார் பிரதமர் இந்திரா காந்தி. அன்று தொடங்கிய ஓட்டம், 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை முப்பது ஆண்டுகள் நீடித்தது. விற்ற வண்டிகள் 25 லட்சத்துக்கும் மேல். ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த குடும்பங்களைக் காரில் ஏற்றிய வண்டி அது. இன்றும் எத்தனையோ வீடுகளின் வாசலில் நிற்கிறது, கூப்பிட்டால் கிளம்புகிறது.

வேகம் 60-ஐத் தாண்டும்போதுதான் சங்கடம். பின் சீட்டில் அம்மா கேட்பது முன் சீட்டில் விழாது. புறவழிச்சாலையில் இரண்டு மணி நேரம் போனால் ஓட்டுகிறவருக்குத் தலை கனக்கும். “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்று சிலர் சகித்துக்கொள்கிறார்கள். வேறு சிலர் அக்சஸரீஸ் கடையில் விட்டு, தரை முதல் கூரை வரை ஷீட் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். சகித்துக்கொள்ளவும் வேண்டாம், அவ்வளவு செலவழிக்கவும் வேண்டாம். பழைய காரின் இரைச்சலில் ஒரு பங்கு பிறவியிலேயே வந்தது. இன்னொரு பங்கு வயதானதால் சேர்ந்தது. முதலில் தீர்க்க வேண்டியது வயதால் வந்ததை. பெரும்பாலான வண்டிகளில் அதற்கே பாதி நிம்மதி கிடைத்துவிடும்.

பிறவியில் வந்தது

மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர். அந்தச் சின்ன எஞ்சின் நாலு பேரை இழுத்துக்கொண்டு நல்ல மைலேஜும் தந்தது என்றால், வண்டி இலேசாக இருந்ததுதான் காரணம். இலேசான வண்டி என்றால் மெல்லிய தகரம். மெல்லிய தகரம் சத்தத்தை எளிதில் உள்ளே விடும், தானும் அதிரும்.

எடையைக் கூட்டினால் சத்தம் குறையாதா? குறையும். அதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் அதைக் கடந்து வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 0.8 மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு ஆறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஆறு சதுர மீட்டர் பரப்பின் எடையை இரட்டிப்பாக்க 37 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டும். ஒரு பள்ளிப் பிள்ளையை எந்நேரமும் ஏற்றிக்கொண்டு திரிகிற பாரம் அது. நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். இவ்வளவு பாரம் ஏற்றியும் அதை எட்டவில்லை. ஓட்டமும் மைலேஜும்தான் அடிவாங்கும்.

எஞ்சின் முழக்கத்துக்கு ஃபோம் ஒட்டுவதும் உதவாது. மூன்று சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் நொடிக்கு 100 முறை எரிந்து உதைக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். ஒரு சென்டிமீட்டர் ஃபோம் அதை உறிஞ்சப் போவதில்லை. அந்த முழக்கத்தை அது கிளம்பும் இடத்திலேயேதான் பிடிக்க வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

காசு செலவழிக்கும் முன் காதைக் கொடுங்கள். வண்டி நிற்கும்போதே ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றினால் முழங்குகிறதா? அது எஞ்சின் அல்லது சைலன்சர். போக்குவரத்தே இல்லாத நேரான, சமதளச் சாலையில் 60 வேகத்தில் ஒரு கணம் நியூட்ரலுக்கு வந்து கேளுங்கள். எஞ்சினை மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள். அப்போதும் அடங்காமல் இருப்பது டயரும் காற்றும். கதவு இடுக்குகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பார்த்தால் காற்றின் பங்கு தனியாகத் தெரிந்துவிடும். வளைவில் திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் ‘ம்ம்ம்’ என்ற ஓசை கூடிக் குறைந்தால் வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். அது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்கூட.

வயதால் வந்தது

காரில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் வேலை ரப்பருடையது. ரப்பருக்கு வயதானால் இறுகிப்போகும், வெடிக்கும். எஞ்சின் மவுண்டிங் இறுகிவிட்டால் எஞ்சினின் ஒவ்வொரு உதையும் நேராக பாடிக்குப் போகும். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு முனை ஏற மறு முனை இறங்க ஆடுகிற இயல்பு உண்டு என்பதால், இந்த வண்டியில் மவுண்டிங்கின் நிலை மற்ற வண்டிகளைவிட அதிகமாகவே உறைக்கும். நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்கினால் முதலில் மவுண்டிங்கை மாற்றுங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள், சஸ்பென்ஷன் புஷ்கள், ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பர் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். இவை விலை குறைந்த உதிரிகள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் தேடிப் பார்க்கலாம். விலை குறைவென்று ஏதோ ஒரு ரப்பரை வாங்காமல் தரமானதாகக் கேட்டு வாங்குங்கள்.

டயரும் ரப்பர்தான். சாதாரண கார்களில் 50 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே டயர்ச் சத்தம் எஞ்சினை மிஞ்சத் தொடங்கிவிடும். பட்டன் தேயவில்லை என்பதற்காக டயர் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. அவ்வளவு பழைய டயர் இறுகி, சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளே ஒலிபரப்பும். புது டயர் போடும்போது கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். அழகுக்காக அகலமான டயருக்கு மாறினால் பொதுவாகச் சத்தம் கூடத்தான் செய்யும்.

ஓட்டையை அடைக்காமல் சுவரைக் கட்டாதீர்கள்

ஒரு சதுர மீட்டர் தடுப்பில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் திறப்பு இருந்தால் போதும், மீதிச் சுவர் எத்தனை உசத்தியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், வயரிங், ஏசி குழாய் என்று பல துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் கிரோமெட் இருக்க வேண்டும். பிற்பாடு ஏசியோ ஸ்டீரியோவோ மாட்டியவர்கள் துளை போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். கியர் லீவர் அடியிலுள்ள ரப்பர் உறையும் கிழிந்திருக்கும். இவற்றைச் சரிசெய்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சத்தம் நுழைகிற வழியாகவே எஞ்சின் புகையும் நுழையும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அடுத்தது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் பிடிக்கவில்லை. பீடிங்கை மாற்றுவதோடு கதவின் லாக்கையும் கீலையும் சரிபார்த்துவிட வேண்டும்.

ஷீட்: எங்கே, எவ்வளவு?

இத்தனையும் முடிந்த பிறகே ஷீட். அலுமினியத் தாளின் அடியில் பியூட்டைல் ரப்பர் இருக்கும் டேம்பிங் ஷீட் சத்தத்தைத் தடுக்கும் சுவரல்ல. ஒலித்துக்கொண்டிருக்கும் வெண்கலத் தட்டில் விரலை வைத்தால் ஓசை அடங்குவதுபோல, தகரத்தின் அதிர்வை அடக்குவதே அதன் வேலை. தகரம் வளையும்போது இடையிலுள்ள ரப்பர் இழுபட்டு அதிர்வை வெப்பமாக்கிவிடுகிறது. இதன் கணக்கை அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கெர்வின் 1959-இல் வெளியிட்டார்.

அதிர்வை அடக்குவதுதான் நோக்கம் என்பதால் முழுப் பரப்பையும் மூட வேண்டியதில்லை. அதிகமாக அதிரும் நடுப்பகுதியில் ஏறக்குறைய கால் பங்கு ஒட்டினாலே பெரும்பயன் கிடைக்கும். விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டி, ‘டொக்’ என்று மாறியதும் நிறுத்திவிடலாம். கதவின் வெளித்தகரம், கால் வைக்கும் தரை, பின் சக்கர வளைவு, டிக்கித் தரை ஆகிய இடங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். கூடும் எடை பத்து கிலோவுக்குள் அடங்கிவிடும். கூரையின் நடுவில் ஒரு துண்டு ஒட்டினால் மழைச் சத்தமும் தணியும்.

விலை குறைவென்று தார் கலந்த ஷீட்டை வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அது இளகி நாறும். தரை விரிப்பின் அடியில் ஃபோம் போடுவதானால் தண்ணீர் உறிஞ்சாத வகையாக இருக்கட்டும். பஞ்சுபோல் நீரை இழுக்கும் ஃபோம், தரையைத் துருப்பிடிக்க வைத்துவிடும். ஒட்டும் முன் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். கதவின் அடியிலுள்ள நீர்வடி துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. எஞ்சின் அறையிலும் சைலன்சர் அருகிலும் சாதாரண ஃபோமை ஒட்டுவது தீயை வரவழைப்பது.

இலேசுதான் அதன் அருமை

இவ்வளவு செய்தாலும் மாருதி 800 ஒரு சொகுசு செடானாக மாறிவிடாது. அது அவசியமும் இல்லை. பின் சீட்டில் பேசுவது முன்னால் கேட்க வேண்டும். ஓட்டுகிறவர் களைப்பில்லாமல் ஊர் போய்ச் சேர வேண்டும். பேரிங் முனகுவதும் சைலன்சர் வெடிப்பதும் முன்கூட்டியே காதில் பட வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான். முதலில் பழுதுபார்ப்பு, அடுத்து ஓட்டை அடைப்பு, கடைசியில் கொஞ்சம் ஷீட் என்ற வரிசையில் போனால் அது கிடைக்கும், வண்டியின் இலேசும் கெடாது. சாமானியக் குடும்பத்தால் வாங்கவும் ஓட்டவும் முடிகிற வண்டியாக அதை ஆக்கியது அந்த 650 கிலோ எடைதான். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று அதன் மேல் பாரம் ஏற்றுவது, அதன் மிகப் பெரிய நல்ல குணத்தையே பறிப்பதாகும்.