ஒரு பருவம் வேறொரு பல்கலைக்கழகத்தில்: இடஒதுக்கீடு எட்டாத வகுப்பறை

திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த முதுநிலை மாணவி ஒருவர் கையில் ஒரு கடிதத்துடன் நம்மைச் சந்திக்க வந்தார். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்க அவர் தேர்வாகியிருந்தார். மதிப்பெண் வரிசையில் அவர் இரண்டாமிடம். ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் அங்கே போனால் அந்த ஆண்டின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நின்றுவிடும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். விடுதி இடமும் போய்விடும், திரும்பி வரும்போது கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது என்றும் சொன்னார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். இப்போது நிறுவனம் அவரிடம் ஒரு கையெழுத்துக் கேட்கிறது. 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்று முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்ட கடிதம் அது. "இதுல கையெழுத்துப் போடலாமா அண்ணா?" என்பதே அவருடைய கேள்வி.

அந்த ஒற்றை வரிக் கடிதத்திற்குப் பின்னால் இருக்கும் சட்டத்தையும் பணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பரிமாற்றத் திட்டம் என்பது இரண்டு பல்கலைக்கழகங்கள் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் வழியே நடப்பது. மாணவர் தம் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் நீடித்துக்கொண்டே, ஒரு பருவமோ இரண்டு பருவமோ மற்றொன்றில் பாடங்களைப் படித்துத் தேர்வெழுதுவார். அங்கு பெற்ற கிரெடிட்டுகள் இங்கே கணக்கில் சேரும். பட்டம் தாய்ப் பல்கலைக்கழகத்தினுடையது. இந்தியாவிற்குள் இவ்வாறு கிரெடிட்டுகளைச் சேர்த்து வைப்பதற்காகவே பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கல்விசார் கிரெடிட் வங்கி விதிமுறைகளை வெளியிட்டது. சேர்த்த கிரெடிட்டுகள் அதிகபட்சம் 7 ஆண்டுகள் செல்லும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 விழுக்காடு கிரெடிட்டுகளையாவது பெற்றிருக்க வேண்டும். அப்படியானால் மறுபாதியை வேறிடங்களில் படிக்கலாம் என்பது பொருள். அயல்நாட்டு நிறுவனங்களுடன் இணைந்து நடத்தும் இரட்டைப் பட்டம், கூட்டுப் பட்டம் முதலியவற்றுக்கு 2022இல் தனி விதிமுறைகள் வந்தன.

('கிரெடிட்', 'வங்கி' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் நம் பெற்றோருக்குக் கடன்தான் நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அந்த அச்சத்தில் தவறில்லை.)

பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் சென்று படிப்பது நமக்குப் புதிய செய்தியன்று. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அம்பேத்கர், 1915இல் முதுகலை முடித்து, 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு நான்கு ஆண்டுகள் அவகாசம் தந்தது. சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகி அவர் சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகுவின் உதவி, நண்பர் நாவல் பதேனா தந்த 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றைக் கொண்டே 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் லண்டனில் டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். அவருக்கு இடம் காத்திருந்தது, பணம்தான் காத்திருக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு 7 ஆண்டு செல்லுபடியாகும் கிரெடிட் வங்கி வந்திருக்கிறது. பணத்தின் நிலை அன்று போலவே இருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டிற்கு அடிப்படையான 1994ஆம் ஆண்டின் 45ஆம் சட்டம், கல்வி நிறுவனங்களில் 'சேர்க்கை' பற்றிப் பேசுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஆண்டுதோறும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என அது கணக்கிடுகிறது. மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டமும் அதே அளவுகோலைக் கொண்டு 15, 7.5 என்ற விழுக்காடுகளைத் தருகிறது. இரண்டு சட்டங்களிலும் உள்ள சொற்களைக் கவனியுங்கள்: சேர்க்கை, அனுமதிக்கப்பட்ட இடங்கள். பரிமாற்றத்தில் செல்லும் மாணவர் ஏற்கும் பல்கலைக்கழகத்தில் 'சேர்வதில்லை', வருகை மாணவராக இருக்கிறார். அவருடைய இருக்கை அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் வருவதில்லை. தாய்ப் பல்கலைக்கழகத்திலோ அவர் ஏற்கெனவே சேர்ந்தவர். எனவே யாரை அனுப்புவது என்ற தேர்வு, இரண்டு பக்கத்திலும் இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே விழுந்துவிடுகிறது.

அந்த வெற்றிடத்தைத் துறையின் விருப்பம் நிரப்புகிறது. 'அரியர் இருக்கக் கூடாது', 'ஒட்டுமொத்தத் தரப்புள்ளி இவ்வளவு வேண்டும்', 'ஆங்கிலத்தில் நேர்காணல்', 'துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம்' என்பவை வழக்கமான நிபந்தனைகள். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் முதல் தலைமுறை மாணவர், ஆங்கில வகுப்பறையில் தடுமாறி முதற்பருவத்தில் ஒரு தாளை விட்டிருந்தால், பின்னர் எவ்வளவு உயர்ந்தாலும் முதல் நிபந்தனையிலேயே வெளியேற்றப்படுகிறார். கடைசி நிபந்தனையைப் பற்றி இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்குச் சட்டத்தில் தடை ஏதுமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கு வீழ்த்தியதையடுத்து, 1951இல் முதல் திருத்தமாக அரசமைப்பில் நுழைந்ததே 15(4). அது சேர்க்கையை மட்டும் பேசவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் முன்னேற்றத்திற்கான 'சிறப்பு ஏற்பாடு' எதையும் அரசு செய்யலாம் என்கிறது. அத்தகைய ஏற்பாட்டை நிர்வாக ஆணை மூலமே செய்யலாம் என்று 1962இல் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, தன் பல்கலைக்கழகங்கள் அனுப்பும் பரிமாற்ற மாணவர்களில் 19 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை வெளியிட்டாலே போதும். புதிய சட்டம் தேவையில்லை.

ஆனால் ஒதுக்கீடு கிடைத்தாலும் கையில் காசு வேண்டும். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் நெறிமுறைகளில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு: மாநில அரசின் முன் அனுமதியின்றி மாணவர் பாடத்தையோ படிக்கும் நிறுவனத்தையோ மாற்றினால் உதவித்தொகை ரத்து செய்யப்படலாம், ஏற்கெனவே தந்த தொகையும் திரும்பப் பெறப்படலாம். போலிச் சேர்க்கையைத் தடுக்க எழுதப்பட்ட விதி இது. பரிமாற்றம் என்ற ஒன்று வருமென்று அதை எழுதியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. நம் வாசிப்பில், பரிமாற்றத்தில் செல்பவர் நிறுவனத்தை 'மாற்றவில்லை'. அவருடைய பதிவு எண், பட்டம், கட்டணக் கணக்கு யாவும் தாய்ப் பல்கலைக்கழகத்திலேயே உள்ளன. ஆனால் உதவித்தொகைப் பிரிவில் அமர்ந்திருக்கும் எழுத்தர் அப்படி வாசிக்க வேண்டிய கட்டாயமில்லை. சந்தேகம் எழுந்தால் நிறுத்தி வைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அந்த மாணவிக்கும் அதுவே நேர்ந்தது.

தொகை எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021இல் மாற்றியமைக்கப்பட்ட மத்திய விகிதப்படி, தொழிற்படிப்பல்லாத இளநிலை, முதுநிலை மாணவருக்கு ஆண்டுப் படி விடுதியில் தங்கினால் 6,000 ரூபாய், வீட்டிலிருந்து சென்றால் 3,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். இதையும் அயல்நாட்டுக் கணக்கையும் அருகருகே வையுங்கள். ஜெர்மனியில் படிக்க விசா கேட்கும் மாணவர், உதவித்தொகையோ பொறுப்பேற்பவரோ இல்லையெனில், முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ வைத்துக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. ஒரு பருவத்துக்கு அதில் பாதி என்றாலும் ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டும். உதவித்தொகைக்குத் தகுதியான குடும்பம் ஒன்று ஈராண்டு உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும் அத்தொகை தேறாது. 'கல்விக் கட்டணம் முற்றிலும் விலக்கு' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாளை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அயல்நாட்டுக் கல்விக்கு அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கானது. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் கடிதம் தரப்பட்டது, எஞ்சியோர் நிதி இருப்பைப் பொறுத்துக் காத்திருக்கும்படி கூறப்பட்டனர். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது; நல்ல திட்டம். ஆனால் இரண்டுமே அங்கேயே முழுப் பட்டம் படிப்பவர்களுக்கானவை. ஒரு பருவம் சென்று திரும்புபவருக்கு அவற்றில் இடமில்லை. சிறு தொகை தேவைப்படுபவரைக் கவனிக்க எந்தத் திட்டமும் இல்லை.

செங்கற்பட்டு மாவட்டத்தின் வரைபடத்தில் இந்த ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரியும். காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், காலவாக்கம் எனப் பெருஞ்சாலைகளை ஒட்டி நிற்கும் தனியார் பல்கலைக்கழகங்கள், பன்னாட்டு உறவுகளுக்கெனத் தனி அலுவலகங்களை நடத்துகின்றன. 2022 விதிமுறைகளின்படி அயல்நாட்டுக் கூட்டுக்குத் தனி ஒப்புதலின்றி நுழைய நாக் மதிப்பீட்டில் 3.01 புள்ளியோ, தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுள் முதல் 100 இடமோ, மேன்மைமிகு நிறுவனம் என்ற தகுதியோ வேண்டும். அதே மாவட்டத்தில் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. ஒப்பந்தங்களில் கையொப்பமிடுவது பல்கலைக்கழகம். அவற்றின் பயன் பெரும்பாலும் அதன் வளாகத் துறைகளோடு நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகள் பெருமளவில் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில்தான்.

இம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாகவே 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. அந்நிலத்தை மீட்க மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். ஒதுக்கியதாக ஏட்டில் இருப்பது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு என்பதை இப்பகுதி மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிரெடிட் வங்கியையும் அவர்கள் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

மாணவர் அமைப்புகள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் பரிமாற்றத்தில் சென்றனர், வகுப்புவாரியாக எத்தனை பேர், தேர்வு விதிகள் எவை, பயணச் செலவுக்கு எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு தரப்பட்டது. பெயர்களைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையை மட்டும் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க இயலாது. தனியார் பல்கலைக்கழகமெனில், பொது அதிகார அமைப்பு ஒன்று சட்டப்படி தனியாரிடமிருந்து பெறக்கூடிய தகவலும் 2(f) பிரிவின்கீழ் 'தகவல்' என்பதால், மானியக் குழுவிடம் மனுச் செய்யலாம். பயணச் செலவுக்கு நிதி இல்லை என்ற பதில் வந்தால், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கென 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைச் சுட்டிக்காட்டி, ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒரு கோரிக்கை மனு அனுப்புங்கள்.

பரிமாற்றத்தில் செல்ல இருப்பவர்கள் புறப்படும் முன்பே உதவித்தொகைக்கான முன் அனுமதியைக் கல்லூரி முதல்வர் வழியாக எழுத்தில் கேட்டு, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். விடுதி இடத்தையும் அதே மனுவில் எழுதிவிடுங்கள்.

அந்த மாணவியின் கடிதத்துக்கு வருவோம். அதில் அப்படியே கையெழுத்திட வேண்டாம் என்றோம். 'சொந்தக் காரணங்களால்' என்ற சொற்களை அவர் தம் கையாலேயே அடித்துவிட்டு, 'பரிமாற்றத்தில் சென்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் விடுதி இடமும் நிறுத்தப்படும் என்று அலுவலகத்தில் தெரிவிக்கப்பட்டதால்' என்று எழுதி, தேதியிட்டுப் பதிவு அஞ்சலில் அனுப்பினார். ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.