பதினைந்து சென்டிமீட்டர் படி

பிசியோதெரபி படித்து முடித்து, பதிவும் பெற்று, முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் இளைஞர் முதலில் தேடுவது ஒரு காலி அறையைத்தான். மெத்தை விரிக்க இடம், பயிற்சிப் பந்து வைக்க ஒரு மூலை, சாத்திக்கொள்ள ஒரு கதவு. மருத்துவமனைப் பயிற்சிக் காலம் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறது. பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்து வர வேண்டும், அரை மணி நேரம் கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். வேலை இவ்வளவுதான் என்று அவர் நினைத்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறை அவருக்குக் கிடைக்காமல் போவதே நல்லது என்பது என் கட்சி. பள்ளியில் அவருடைய நோயாளி, வாசல் கேட்டில் தொடங்கிக் கடைசி மணி வரை நீளும் அந்தப் பிள்ளையின் ஒரு நாள்.

இப்படிச் சொல்வதற்கு வலுவான ஆதாரம் 2002-இல் கனடாவிலிருந்து வந்தது. பெருமூளை வாதம் உள்ள 657 பிள்ளைகளை ஒண்டாரியோ மாநில ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அசைவும் உடலின் நிலைப்பாடும் குலைவதே பெருமூளை வாதம். ஆயிரம் பிறப்புகளில் ஏறத்தாழ இரண்டு பிள்ளைகளுக்கு அது வருகிறது. இயக்கத் திறனை வைத்து இவர்களை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள்: முதல் நிலைப் பிள்ளை ஓடும், படியேறும், ஐந்தாம் நிலைப் பிள்ளைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. உட்காருவது, நிற்பது, நடப்பது போன்றவற்றில் ஒரு பிள்ளை எட்டக்கூடிய உயரத்தில் 90 விழுக்காட்டை, முதல் நிலையினர் சராசரியாக ஐந்து வயதை நெருங்கும்போதே எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலையினரோ மூன்று வயதுக்கு முன்பே. மலேசியாவில் நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் சேர்வது வழக்கமாக ஏழு வயதில். அதாவது, பள்ளி பிசியோதெரபிஸ்ட் பிள்ளையைப் பார்க்கும் நேரத்தில், தசைக்குள் ஒளிந்திருக்கும் திறனை வெளியே இழுக்கும் பருவம் பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.

அப்படியானால் ஏழு வயதுக்குமேல் சிகிச்சையே வீண்தானே என்று கேட்கத் தோன்றும். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அது அளந்தது, சோதனை அறையில் ஒரு பிள்ளையால் அதிகபட்சம் என்ன முடியும் என்பதை. வகுப்பில் அது உண்மையில் என்ன செய்கிறது என்பது வேறு கணக்கு. சோதனை அறையில் பத்து மீட்டர் நடக்கும் சிறுவன், நாற்பது பேர் முண்டியடிக்கும் நடைபாதைக்கு அஞ்சி நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் இருந்துவிடலாம். முடிவதற்கும் செய்வதற்கும் நடுவிலுள்ள இந்தப் பள்ளத்தில்தான் பள்ளி பிசியோதெரபிஸ்டின் வேலை இருக்கிறது. அடுத்து, எட்டிய உயரம் அப்படியே நிற்பதும் இல்லை. நடுத்தர, கடுமையான நிலைகளில் உள்ளவர்களுக்குப் பதின்ம வயதில் உடல் எடை கூடி, மூட்டுகள் மடங்கி இறுகி, பெற்ற திறன் நழுவத் தொடங்குகிறது. தசையழிவு நோய் இன்னும் கொடியது. டூஷென் வகைத் தசையழிவு பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே தாக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். முதலாம் ஆண்டில் ஓடிய பிள்ளை ஆறாம் ஆண்டில் நடக்க முடியாமல் போவது அத்தனை ஆசிரியர்களின் கண்முன்னேதான் நடக்கிறது. தரையிலிருந்து எழும்போது தொடைமேல் கையூன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல் எழுவது அந்த நோயின் பழைய அடையாளம். அது தெரியாததால் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் உண்டு. இந்த அடையாளத்தைப் பத்து நிமிடத்தில் ஆசிரியர்களுக்கு விளக்கிக் காட்டினால், ஒரு தவணை முழுக்க மெத்தையில் கொடுத்த பயிற்சியைவிட அதிகப் பலன் கிடைக்கலாம்.

பெற்றோரின் எதிர்பார்ப்பு வேறு மாதிரி இருக்கும்: கை வைத்து உருவிவிட வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றதும் கோலாலம்பூர்வாசிகளுக்கு, பூக்கடையையும் வாழையிலைச் சாப்பாட்டையும் அடுத்து நினைவுக்கு வருவது பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்கள். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் இல்லமும் அங்கேதான். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் கால் நேராகும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் அதைவிடப் பழையது. கை வைத்துச் செய்வதே சிகிச்சை, பேசுவதும் அளப்பதும் சிகிச்சை ஆகாது என்று ஒரு தாய் நினைத்தால், அவருக்குப் பின்னால் ஒரு பண்பாடே நிற்கிறது. ஆனால் ஆதாரம் அந்தப் பக்கம் சாயவில்லை. பெருமூளை வாதத்துக்கான 64 சிகிச்சை முறைகளை அலசி 2013-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, பிள்ளைக்குத் தேவையான ஒரு செயலையே இலக்காக வைத்து, அந்தச் செயலையே திரும்பத் திரும்பப் பழக்கும் பயிற்சிக்கும், முறையாக வகுத்த வீட்டுப் பயிற்சிக்கும் பச்சைக்கொடி காட்டியது. கையால் இழுத்து நீட்டிவிடுவதற்கு அந்த வலு இல்லை. உருவிவிடுவதில் இதம் இருக்கலாம். படியேறக் கற்றுக்கொள்ளப் படிதான் வேண்டும்.

படி என்றதும் பள்ளிக் கட்டடத்துக்கு வந்துவிடுகிறோம். நடைபாதைக்கும் வகுப்புக்கும் நடுவில் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடங்களில் எல்லோரும் புழங்க வழிசெய்யும் எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை சொல்லும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் அதை மாற்ற, 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் போதும். ஒரு கொத்தனாருக்கு அது பெரிய வேலையே இல்லை. அந்தச் சாய்தளம் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை முறை பிறர் தயவை மிச்சப்படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள்: காலையில் ஒன்று, சிற்றுண்டிச்சாலைக்குப் போகவும் வரவும் இரண்டு, கழிப்பறைக்கு இரண்டு, வீடு திரும்ப ஒன்று. மேல்மாடி வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதற்குச் செலவே கிடையாது; கால அட்டவணை போடுபவரிடம் யாராவது நேரத்தோடு சொன்னால் போதும். ஓய்வு நேரம் இருபது நிமிடம் என்றால், மெதுவாக நடக்கும் பிள்ளை வரிசையில் நின்று சாப்பாட்டை வாங்கும்போதே மணி அடித்துவிடும். ஐந்து நிமிடம் முன்னதாக அதை வகுப்பிலிருந்து அனுப்புவதும் சிகிச்சைதான் என்று ஒப்புக்கொள்ள, படித்துவந்த பெருமை கொஞ்சம் குறுக்கே நிற்கும். சபைகூடலில் தேசிய கீதமான நெகாராகூ முடியும் வரை ஒரு கம்பியைப் பிடித்து நிற்பது, நாள்தோறும் தானாகவே அமைந்துவிடும் நிற்கும் பயிற்சி. கால் தரையில் படாத நாற்காலியில் தொங்கிக்கொண்டு எழுதும் பிள்ளையின் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும்; காலுக்கடியில் ஒரு மரப்பலகை வைத்துப் பார்த்த பிறகு கையெழுத்தைக் குறை சொல்லலாம். கழிப்பறையை மட்டும் யாரும் பேச விரும்புவதில்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இருக்கிறதா என்பதுதான், புதிதாக வருபவர் முதல் வாரமே கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் இந்தப் பிள்ளைகளை வெகுகாலம் ஓரமாகவே வைத்திருந்தது. 1997-இன் சிறப்புக் கல்வி விதிமுறைகள் இரு தரப்பாரைச் சிறப்புக் கல்வித் திட்டத்துக்குத் தகுதியற்றவர்கள் என ஒதுக்கின. ஒரு தரப்பு, மற்றவர்களைப்போல் படிக்கும் அறிவாற்றல் உள்ள, உடல் ஊனம் மட்டும் உள்ள பிள்ளைகள். மறு தரப்பு, பல குறைபாடுகளோ கடுமையான ஊனமோ உள்ளவர்கள். முதல் தரப்பினர் சாதாரணப் பள்ளிக்குப் போகலாம் என்பது உள்ளர்த்தம். அங்கே மாடிப்படி காத்திருந்தது. 2008-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2013-இல் வந்த புதிய விதிமுறைகள், 2019 கல்வியாண்டில் பரவலாகப் பேசப்பட்ட, எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பாத கொள்கை என்று கதவு படிப்படியாகத் திறந்தது. ஆனால் உள்ளே வந்த பிள்ளையோடு பிசியோதெரபிஸ்ட் வரவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் அப்படி ஒரு பதவி நம் அமைப்பில் இல்லை. சிகிச்சை இன்னமும் மருத்துவமனைகளிலும், 1984-இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்களின் வழியிலும், தொண்டு அமைப்புகளிலும், தனியார் நிலையங்களிலும் சிதறிக் கிடக்கிறது. கிள்ளானில் ஒரு தாய் அரைநாள் கூலியை விட்டுப் பிள்ளையைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், அங்குள்ளவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பள்ளியின் படி அவர் கண்ணில் படாது. சிறப்புக் கல்வி மாணவருக்கு அரசு தரும் மாதம் 150 ரிங்கிட், தனியார் நிலையத்தில் ஓரிரு அமர்வுகளுக்குமேல் தாங்காது.

இந்த வாதத்துக்கு எதிராக ஆசிரியர்கள் பக்கமிருந்து வரும் கேள்வி நியாயமானது. ஏற்கெனவே சுமை அதிகம். இப்போது சிகிச்சையையும் எங்கள் தலையில் கட்டுவதா? மேலும், 2016-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 774-ஆம் சட்டத்தின்படி பதிவு பெற்றவரே பிசியோதெரபி செய்யலாம் என்றிருக்க, சிறப்புக் கல்வி வகுப்பில் துணைக்கு இருக்கும் மாணவர் நிர்வாக உதவியாளர் அதை எப்படிச் செய்வார்? இரண்டுக்கும் பதில், எது சிகிச்சை, எது அன்றாடம் என்று பிரித்துச் சொல்வதில் இருக்கிறது. மதிப்பிடுவதும் முடிவெடுப்பதும் பதிவு பெற்றவருடைய பொறுப்பு. அதை யாருக்கும் கைமாற்ற முடியாது. பிள்ளையை நாற்காலியில் நேராக உட்கார வைப்பது, தூக்கும்போது தன் இடுப்பைப் பாதுகாத்துக்கொள்வது போன்றவை உதவியாளர் இன்றும் செய்துகொண்டிருக்கும் வேலைகளே. தப்பாகச் செய்தால் முதுகுவலி அவருக்கு, மூட்டுவலி பிள்ளைக்கு. ஆசிரியரிடம் பத்துப் பயிற்சிகள் அச்சிட்ட தாளை நீட்டும் பிசியோதெரபிஸ்ட் அந்தத் தாளை அடுத்த தவணை அலமாரியில்தான் பார்ப்பார். ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்பவருக்கு அது நடக்கும். சிறப்புக் கல்வி மாணவருக்கெனத் தீட்டும் தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதும்போதும் ‘தொடைத் தசை வலுவை உயர்த்துதல்’ என்று எழுதாமல், ‘தவணை முடிவுக்குள் சிற்றுண்டிச்சாலைக்குத் தானே போய் வருதல்’ என்று எழுதினால் ஆசிரியருக்கும் பாட்டிக்கும் ஒருசேரப் புரியும்.

பணம் ஏது என்பது கடைசித் தடை. பள்ளிக்கு ஒருவர் என்று கேட்டால் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர்கள் (பிசியோதெரபிஸ்டுகள்) பள்ளிக்கு ஒருவராக அல்லாமல், பல பள்ளிகள் அடங்கிய ஒன்றிய அளவில் இயங்குகிறார்கள். சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போன்ற பெரிய பள்ளி ஒன்றை மையமாக வைத்து, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு முறைவைத்துப் போகும் ஒருவரை நியமித்தால் கிள்ளானில் அதே வழி சாத்தியம். அமெரிக்காவில் 1975-இன் சட்டமே, பிள்ளை கல்வியால் பயன்பெறத் தேவையான துணைச் சேவையாகப் பிசியோதெரபியைச் சேர்த்துவிட்டது. அந்த வரையறையில் ஓர் ஆபத்தும் உண்டு: ‘இது கல்விக்குத் தேவையில்லை, மருத்துவமனைக்குப் போ’ என்று கைகழுவ அதே வாசகம் உதவும். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சி, இடுப்பு மூட்டு நழுவுகிறதா என்ற கண்காணிப்பு ஆகியவை மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். பள்ளியில் இருப்பவர் அந்த மருத்துவமனைக்கு எழுதும் கடிதம் நின்றுவிடக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பட்டியலை முதலில் கையில் எடுப்பது நல்லது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சரிசெய்த சாய்தளமும், தரைத்தள வகுப்பும், பழகிய உதவியாளரும் இடைநிலைப்பள்ளிக்குக் கூட வருவதில்லை. அங்கே கட்டடம் பெரிது. அறிவியல் கூடம் ஒரு மாடியில், கணினி அறை இன்னொன்றில். சேரப்போகும் பள்ளி எது என்று தெரிந்ததுமே அளவு நாடாவோடு ஒரு முறை போய், கேட்டிலிருந்து வகுப்புக்கு எத்தனை மீட்டர், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், படிகள் எத்தனை என்று குறித்துக்கொண்டு, அந்தத் தாளைப் பள்ளி திறப்பதற்குள் தலைமையாசிரியரின் மேசையில் சேர்த்துவிட வேண்டும்.