மூணாவது போன் ஏன் அடிக்கவே இல்லை?

போன மாசம் அம்மாவோட ரத்தப் பரிசோதனை முடிவு கேட்க ஒரு மருத்துவமனைக்கு போன் பண்ணினேன். ஒரு மணி நேரமா பிஸி டோன்தான். பொறுமை போய் நேரிலேயே கிளம்பிட்டேன். வரவேற்பு மேஜையில் மூணு போன். இரண்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூணாவது சும்மா கிடந்தது! ஏன் இப்படின்னு தேடிப் படித்ததன் குறிப்பு இது.

இந்த மாதிரி இடங்களில் வெளியே தெரிவது ஒரே எண், உள்ளே பல லைன்கள். அழைப்பு வந்ததும் காலியான லைனைத் தேடிப் பிடித்து அனுப்புவது கருவியின் வேலை. இதற்கு ஹன்டிங் என்று பெயர். எப்பவும் முதல் லைனிலிருந்தே தேடலாம். அப்போ முதல் ஆளுக்குத்தான் வேலை அதிகம். போன தடவை விட்ட இடத்திலிருந்து சுற்றி வரலாம். ரொம்ப நேரமா சும்மா இருப்பவருக்கும் கொடுக்கலாம். நான் பார்த்த மூணாவது போன் இந்தத் தேடல் பட்டியலிலேயே சேர்க்கப்படவில்லை. விசாரித்ததில் தெரிந்தது.

சரி, எல்லா லைனும் பிஸின்னா? பிஸி டோன் கொடுக்கலாம், வேறு எண்ணுக்குத் திருப்பலாம், வாய்ஸ்மெயிலுக்கு விடலாம், இல்லை பாட்டுப் போட்டுக் காக்க வைக்கலாம்.

எத்தனை லைன் இருந்தால் போதும்? கோபன்ஹேகன் தொலைபேசி கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித அறிஞர் 1917இல் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். மணிக்கு 40 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரியா 3 நிமிஷம் என்று வைப்போம். மொத்தம் 120 நிமிஷப் பேச்சு, அதாவது 2 எர்லாங். அப்போ 2 லைன் போதுமேன்னு தோணும். ஆனா அழைப்புகள் ஒழுங்கா ஒன்றன்பின் ஒன்றா வருவதில்லை. சில சமயம் கும்பலா வரும், சில சமயம் ஈ ஓட்டலாம். அதனால் 2 லைனில் 40 சதவீத அழைப்புகளுக்கு பிஸி டோன்தான். 3 லைனில் 21, 4 லைனில் 9.5, 5 லைனில் 4க்கும் கீழே.

இதுவும் பிஸின்னா விட்டுடறவங்களுக்கான கணக்கு. என்னை மாதிரி திரும்பத் திரும்ப அடிச்சா நிலைமை இன்னும் மோசம். பாட்டுப் போட்டாலும் தீராது: இதே கூட்டத்துக்கு 2 பேர் மட்டும் பதில் சொன்னால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

அம்மாவுக்கு முடிவு நல்லபடியா வந்தது. ஆனா ஒன்று உறைத்தது. பிஸி டோன் கேட்டுத் திரும்பியவர் யாருன்னு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. உங்க ஆபீஸ் எண்ணுக்கு, கூட்டமான நேரத்தில், வெளியிலிருந்து நீங்களே ஒரு தடவை அடிச்சுப் பாருங்க.