கடற்காற்றும் தரைக்காற்றும்: ஒரு பாய்மரப் போட்டி தரும் பாடம்

பொலி தூற்றும்போது காற்று வரும் பக்கம் பார்த்துச் சுளகு பிடித்தவர்கள் நாம். வயலை விட்டு வந்து கரையோரத்தில் தங்கியிருப்போருக்கு இங்குள்ள காற்று புதிதாகத் தோன்றலாம். அதன் போக்கை விளங்கிக்கொள்ள ஒரு பாய்மரப் படகுப் போட்டியைப் பார்ப்போம்.

1987ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவின் பிரிமாண்டில் நகருக்கு அப்பாலுள்ள கடலில் 'அமெரிக்கா கிண்ண' இறுதிப் போட்டி நடைபெற்றது. அங்கே கோடைகாலப் பிற்பகல்களில் தென்மேற்கிலிருந்து பலத்த கடற்காற்று வீசும். வெயிலின் கொடுமையைத் தணிப்பதால் மக்கள் அதனை 'பிரிமாண்டில் டொக்டர்' என்று அழைக்கின்றனர். அமெரிக்கரான டெனிஸ் கொனரின் குழுவினர் இக்காற்றை எதிர்பார்த்து, ஹவாய்த் தீவுகளின் பலத்த காற்றில் பயிற்சி செய்தனர். படகையும் அதற்கேற்ப அமைத்தனர். 4-0 என வென்றனர்.

இக்காற்று எவ்வாறு உண்டாகிறது? வெயிலில் தரை விரைவாகவும் கடல் மெதுவாகவும் சூடாகும். தரைக்கு மேலுள்ள காற்று சூடேறி, இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. நமது மீனவர் விடியுமுன் தரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, கடற்காற்றில் கரை திரும்பியது இதனாலேயே.

சோளகமோ வாடையோ பலமாக வீசும் மாதங்களில் இம்மாற்றம் தெளிவாகத் தெரியாது. அவை தணிந்திருக்கும் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் நன்கு தெரியும். அக்காலத்தில் கடற்காற்று உள்நாட்டை எட்டும்போது பிற்பகலில் இடிமழை உண்டாவதுண்டு.

இதனை அறிந்து நாம் செய்யக்கூடியவை:

1. கிடுகுக் குடிசையின் கடற்பக்கத்தில் அடுப்பு வைக்க வேண்டாம். பகலில் பொறி கூரைக்குப் பறக்கும். இரவில் காற்று மறுபக்கத்திலிருந்து வரும்; ஆதலால் படுக்குமுன் தணலை நீரூற்றி அணையுங்கள்.

2. பயிருக்கு மருந்து தெளிப்பதாயின் கடற்காற்று எழுமுன், காற்று அடங்கியிருக்கும் காலை வேளையில் தெளியுங்கள். பிற்பகலில் தெளித்தால் மருந்து அயல் குடிசைகளுக்கும் கிணற்றுக்கும் போகும்.

3. நாற்றுமேடைக்குக் கடற்பக்கத்தில் கிடுகால் மறைப்புக் கட்டுங்கள். உப்புக் காற்று இளம் நாற்றைக் கருக்கிவிடும்.

4. பிற்பகலில் வானம் கறுத்து இடி கேட்டால் வெட்டவெளியிலோ தனிமரத்தின் கீழோ நிற்க வேண்டாம். பிள்ளைகளை உறுதியான கட்டடத்துக்குள் அழைத்துச் செல்லுங்கள்.

காற்றைப் படைத்தவர் அதனை அறியும் அறிவையும் நமக்குத் தந்திருக்கிறார். ஊர் திரும்பும் நாள்வரை இந்தக் கரையின் காற்றையும் படித்து வைப்போம்.